வேட்டைப் பாடம்

"மலையிலை வெயில் ஏற ஏறக் காத்தும் மேலை ஏறும். அதாலை மானுக்குக் கீழை நிக்கக்கூடாது. எங்கடை மணம் பிடிச்சு ஓடியிடும்."

பேக்கரி முதலாளி சொல்லித்தந்ததை நவரட்ணம் பார்க்டேல் வீட்டில் மனைவி ரதிக்கு ஒப்பித்தார். மறுநாள் முதலாளியோடு அல்பேர்ட்டா மலைக்கு மான் வேட்டைக்குப் பயணம்.

மானைச் சுடக்கூடாது என்று மகள் அட்சயா அழுதுகொண்டே அறைக்கதவை அடித்துச் சாத்தினாள்.

ரதி முறைத்தாள். "பிள்ளை சாப்பிடவும் இல்லை. உங்களுக்கு வேட்டை கேக்குதோ?"

"முதலாளி கூப்பிட்டா மாட்டன் எண்டு சொல்லேலுமே? நீர் கொஞ்சம் கருவாடு பொரிச்சுக் கட்டித்தாரும்."

"அங்கையும் உங்களுக்குக் கருவாடோ!"

ஒரு கிழமையில் நவரட்ணம் வெறுங்கையோடு திரும்பினார்.

"எத்தினை மான் சுட்டனீங்கள்?" அட்சயா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"ஒண்டும் கிட்ட வரேல்லை, பிள்ளை. வெயில் ஏறினதும் நான் மானுக்குக் கீழை போய், கருவாட்டுப் பார்சலைத் திறந்து வைச்சுக்கொண்டெல்லோ நிண்டனான்!"

அட்சயா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"முதலாளி ஏசேல்லையோ?"

"ஐயோ, பாவம் அந்தாள். எனக்கு இன்னும் பாடம் ஏறேல்லையாம். வாற வருஷமும் கூட்டிக்கொண்டு போறாராம்!"