பெட்ரோல் வேண்டாம்

"நல்லா ஓடுற எஞ்சின்லா. இதைப் போய்க் கழட்டச் சொல்றியே, உனக்கு என்ன கோளாறு?"

மோரிஸ் கேட்டதற்குக் குணசுந்தரி அசையவில்லை. மலேசியாவின் பீடோங்கில் அவருடைய வண்டிப் பட்டறை வாசலில் தன் பழைய பெட்ரோல் டிராக்டரை நிறுத்திவிட்டு, டீசல் எஞ்சின் மாட்டியே ஆகவேண்டும் என்று நின்றாள்.

புருஷன் போன பிறகு ஆறு ஏக்கர் செம்பனைத் தோட்டத்தைத் தனியாளாகப் பார்ப்பவள். யார் சொல்லியும் கேட்டுப் பழக்கமில்லை.

மோரிஸ் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டீசலோ மானியம் போய் விலை ஏறிக் கிடக்கிறது. பழைய வண்டிகளைச் சேர்க்கும் பினாங்குக்காரர் ஒருவர் இதை இப்படியே வாங்கிக்கொள்ளத் தயார்.

அவள் அண்ணன் குழந்தைவேலுவும் வந்து சத்தம் போட்டார். இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்றார்.

"வண்டி என்னோடது. முடியாதுன்னா சொல்லுங்க மோரிஸ் அண்ணே, சுங்கை பட்டாணிக்குக் கொண்டுபோறேன்."

மோரிஸ் வேலையை ஏற்றுக்கொண்டார். உடைத்துப்போட்ட லாரி ஒன்றிலிருந்து டீசல் எஞ்சின் கிடைத்தது. அதை கியர்பாக்ஸோடு சேர்க்கக் கனத்த இரும்புத் தகடு வெட்டி, துளை போட்டு, மூன்று வாரம் முதுகு ஒடிந்தது. பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவளுடைய திமிரைச் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டார்.

டிராக்டரை அவரே அவள் வீட்டுக்கு ஓட்டிப்போனார்.

அங்கே அவள் கொட்டகையிலிருந்த பெட்ரோல் டப்பாவைத் தூக்கி வந்து, இதையும் எடுத்துப் போங்கள் என்றாள். மோட்டார் சைக்கிளைக்கூட அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு சைக்கிள் மிதிக்கிறாளாம்.

மோரிஸுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "பெட்ரோல் மேல அப்படி என்ன பகை உனக்கு?"

அவள் வீட்டுப் பக்கம் திரும்பி, "வாப்பா, வந்து வண்டியைப் பாரு," என்றாள்.

மெலிந்துபோன ஒருவன் வெளியே வந்து, மோரிஸைப் பார்த்ததும் தலைகுனிந்தான்.

அவர் மகன் மார்க்கஸ். பட்டறை மூலையில் பெட்ரோலை மோந்து மோந்து முப்பது வயதுக்குள் உருக்குலைந்தவன். இரண்டு மாதம் முன்பு மறுவாழ்வு இல்லத்திலிருந்து, "சிகிச்சை முடியப்போகிறது, உங்கள் மகன் வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டபோது, எனக்கு மகனே இல்லை என்று மோரிஸ் போனை வைத்துவிட்டிருந்தார்.

கையில் வாங்கியிருந்த டப்பாவை மோரிஸ் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நீங்க வேணாம்னு சொன்னதைக் கேள்விப்பட்டு, போன வாரம் நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன்," என்றாள் குணசுந்தரி. "நாளையிலேர்ந்து வண்டி ஓட்டப்போறது இவன்தான். இப்ப நீங்களே சொல்லுங்கண்ணே, பெட்ரோல் வண்டியை எப்படி இவன் கையில குடுக்கிறது?"