ஒகேனக்கல்லில் ஒரு படம்

ஒகேனக்கல் சாரலில் நனைந்த மகளின் தலையை வஹிதா மூன்றாம் முறையாக வாரிவிடுகிறாள். தர்மபுரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அவள் கணவன் ஜமீர், அதைப் பூட்டிவிட்டு இவர்களோடு ஊர் சுற்ற வந்திருப்பது ஆறு வருடத்தில் இன்றுதான். ஆனால் பரிசலிலிருந்து இறங்கும் புதுஜோடிகள் கேமராவைக் கண்டதும் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். “இவங்கள முடிச்சிட்டு வந்துடறேன், இரு புள்ள.” பாறையில் வெயில் மங்குகிறது. இருந்த ஒரே ஃபிலிம் சுருளும் தீர்ந்து, அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் அவன் இவர்களிடம் வருகிறான். கல்யாண வீட்டில் படமெடுக்கச் சொல்லி நச்சரிப்பவர்களை வெறும் ஃபிளாஷ் மட்டும் அடித்து அனுப்பிவிடுவதாக அவன் சொல்லிச் சிரித்தது வஹிதாவுக்கு நினைவிருக்கிறது. “சிரிங்க!” பளிச்சென்று மின்னுகிறது. மகள் கைதட்டுகிறாள். “இன்னும் ரெண்டு அடிங்க,” என்கிறாள் வஹிதா, சிரிப்பு மாறாமல். “உங்களுக்கு என்ன, கொறஞ்சா போவுது?”