இரண்டு கிண்ணம் நூடுல்ஸ்

2018 அக்டோபர் பதினொன்றாம் தேதி, ஹெபெய் மாகாணத்தில், சோளக்கொல்லைகளுக்கு நடுவே பெயர்ப்பலகை இல்லாமல் இயங்கிய நுரைப்பலகைக் கூடம் ஒன்றுக்கு முத்திரை வைக்கப்பட்டது.

"இந்த வருஷத்துல இது மூணாவது தடவை! எவனோ காட்டிக் குடுக்கிறான்!" என்று கத்தினார் கூடத்தின் முதலாளி ஜூன்வெய்.

கதவில் பெருக்கல் குறியாக ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தின் பசை இன்னும் காயவில்லை. வீட்டுச் சுவர்களில் குளிர் புகாமல் தடுக்கும் நுரைப்பலகைகள் அங்கே தயாராகிவந்தன. நுரையை உப்பவைத்தது எஃப்-11 என்ற ரசாயனம். ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று அதைத் தடை செய்து எட்டு வருடம் ஆகிறது. ஆனால் மலிவு.

"அந்தக் கருமத்தை விட்டுடலாமேண்ணே," என்றான் யோங்தாய். ஜூன்வெய்யின் சித்தி மகன். கலவையின் பதம் அவன் கைக்குத்தான் வரும்.

"விட்டுட்டு? விலையை ஏத்தினா நம்ம பலகையை எவன் வாங்குவான்? வானத்துல ஓட்டைன்னா நானா ஏணி போட்டு அடைக்க முடியும்?"

வேலையாட்கள் எல்லோருடைய போனையும் ஜூன்வெய் வாங்கிக் கிண்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"முத்திரை வைக்க வந்த ஆபீசர் வாய் தவறிச் சொல்லிட்டான். புகார் சொன்னது பொம்பளைக் குரலாம். இங்க பொம்பளை ஏது? சமைக்கிறவன்கூட தாடிக்காரன்!"

போன்களை ஒரு பைக்குள் போட்டார்.

"போனெல்லாம் என்கிட்டயே இருக்கட்டும். புது இடம் பார்த்ததும் ஆள் அனுப்புறேன். அதுவரைக்கும் வீட்டுக்குப் போய்ச் சேருங்க."

யோங்தாய் துணிகளை மூட்டை கட்டினான். போன வாரம் மனைவி லான்ஃபெங் பார்சலில் அனுப்பிய பூண்டு ஊறுகாய் ஜாடியை மேலே வைத்துக்கொண்டான். இன்னும் திறக்கவே இல்லை.

மறுநாள் மதியம் ஷான்டோங் மாகாணத்தில் தன் ஊர் முனையில் பஸ்ஸிலிருந்து இறங்கினான். முன்பெல்லாம் சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு ஐந்து நாள் வருவதோடு சரி; இந்த வருடம் ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு முறை வந்தாயிற்று.

லான்ஃபெங் கதவைத் திறந்தாள். கையெல்லாம் மாவு.

"வந்துட்டியா? கை கழுவு."

கிளம்புகிறவருக்குக் கொழுக்கட்டை, திரும்புகிறவருக்கு நூடுல்ஸ். அது அந்தப் பக்கத்து வழக்கம். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. கையால் வெட்டிய நூடுல்ஸ் பலகையில் மாவு தூவிக் கிடந்தது. மேசையில் இரண்டு கிண்ணங்கள்.

"நான் வர்றேன்னு சொல்லவே இல்லையே. போன்கூட அண்ணன்கிட்ட இருக்கு."

"எனக்கே சாப்பிடணும் போல இருந்துச்சு."

"ரெண்டு கிண்ணத்துலயா?"

"பசி," என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டான். "இன்னும் கொஞ்சம் போடு."

"உன்மேல அந்த நுரை நாத்தம் இன்னும் போகலை."

"சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத்தானே வந்தேன்!"

"போன தடவை நீ படுத்த தலையணையிலயும் இருந்துச்சு. ரெண்டு மாசமா உறையைத் துவைக்கலை."

"ஏன், சோம்பேறித்தனமா?"

"ஆமா. சோம்பேறித்தனம்."

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"வேலையை விட்டுடேன்," என்றாள்.

"நம்ம கல்யாணத்தையே முன்ன நின்னு நடத்தினவர். அவர் முகத்துல அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது?"

அவள் கிண்ணங்களை எடுத்துக் கழுவப் போனாள்.

அவன் வந்த பதினாறாம் நாள் ஜூன்வெய்யின் ஆள் வந்தான். போனையும் புது முகவரி எழுதிய துண்டுச்சீட்டையும் கொடுத்தான். "பெண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாரு."

மறுநாள் காலையில் லான்ஃபெங் கொழுக்கட்டை வேகவைத்தாள். வழக்கமாக அவன் கிளம்பும்போது, ஊறுகாய் அனுப்ப வேண்டும் என்று முகவரி கேட்டு வாங்குவாள். இந்த முறை கேட்கவில்லை. தட்டை மட்டும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

வாசலில் செருப்பை மாட்டியவன் நின்றான். துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினான்.

"எழுதிக்கோ."

"ஊறுகாய் அனுப்பவா?"

"ஊறுகாய் பழைய ஜாடியே இருக்கு. நீ முகவரியை மட்டும் எழுதிக்கோ."

நவம்பர் ஒன்பதாம் தேதி அந்தப் புதுக் கூடத்துக்கும் முத்திரை வைக்கப்பட்டது.