அட்மின்

"கூடவே இருந்து குழி பறிச்சிருக்கா, பாருங்க!"

மகளின் போனைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள் அம்மா.

வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து மகளை நீக்கிவிட்டார்கள். நீக்கியது யாரோ அல்ல, மூன்றாம் மாடிப் பெண். அவள்தான் அட்மின். பால் பல் விழுந்த காலத்திலிருந்து மகளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள்.

இரண்டு நாளாக மகள் சரியாகச் சாப்பிடவில்லை. "இனிமே ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்று போர்வைக்குள் சுருண்டுவிட்டாள். பெற்ற வயிறு பற்றி எரியாதா?

"போய்ப் பக்குவமாப் பேசு," என்றார் கணவர்.

பக்குவமாவது ஒன்றாவது! படியேறும்போதே குடியிருப்புப் பெண்கள் குரூப்பில் டைப் செய்தாள். 'மூணாவது மாடிப் பொண்ணோட லட்சணத்தைக் கேளுங்க...' நாலு பேர் நாலு விதமாகப் பேசினால்தான் இதுகளுக்கெல்லாம் புத்தி வரும்.

அனுப்பப் போன நேரம் கதவு திறந்தது. அட்மினேதான். அழுது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ஏன்டி, அவ உனக்கு என்ன கெடுதல் பண்ணினா? எதுக்குத் தூக்கினே?"

"அன்னிக்கு ஸ்கூல் விழா மேடையில அவ பேச முடியாமத் திக்கினாள்ல ஆன்ட்டி? அதை ஒருத்தி வீடியோ எடுத்து, கேலியாப் பாட்டெல்லாம் சேர்த்து வெச்சிருந்தா. குரூப்ல போடப் போறேன்னா. இவ பார்த்துடக் கூடாதேன்னு முதல்ல இவளைத் தூக்கினேன்."

"அப்புறம்?"

"வீடியோ வந்துச்சு. அழிச்சேன். போட்டவளையும் தூக்கினேன், சிரிச்சவங்களையும் தூக்கினேன். மத்தவங்க கோவிச்சுக்கிட்டு அவங்களே போயிட்டாங்க."

போனைக் காட்டினாள். குரூப்பில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

"எடுத்தவகிட்ட அந்த வீடியோ இன்னும் இருக்குமே!"

"மிஸ்கிட்ட சொல்லிட்டேன். அவ போன்லேர்ந்தும் அழிக்க வெச்சுட்டாங்க. இனி பயமில்ல ஆன்ட்டி."

அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"இதை என் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வீடியோ இருந்தது தெரிஞ்சுடுமே. என்னைத் திட்டினாத் திட்டிட்டுப் போறா."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "வா, கீழே போலாம். அவகிட்ட என்ன சொல்றதுன்னு நான் பார்த்துக்கறேன்."

படியிறங்கும்போது அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்ன ஆன்ட்டி, போன்ல எதையோ அழிச்சுக்கிட்டே வர்றீங்க?"

"ஒண்ணுமில்லடா கண்ணு. நல்லவேளை, நீ கதவைச் சட்டுனு திறந்தே. இல்லேன்னா நானும் அந்த வீடியோக்காரிதான்."