பத்துப் பேரில் ஒருவர்

"இந்தப் பத்துப் பேர்ல ஒருத்தர்தான் உனக்கு மார்க் போடப்போறாங்க. யாருன்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்களாம்" என்று தோழி காதைக் கடித்தாள்.

சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சியின் கடைசித் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை அதில் கோட்டைவிட்டிருந்த இவள், அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த அந்தப் பத்துப் பேரை ஒவ்வொருவராக நோட்டம்விட்டாள். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி சின்ன நோட்டில் எதையோ குறித்துக்கொண்டே வந்தார்.

"அவங்கதான். பேனா நிக்கவே மாட்டேங்குது பாரு" என்று தோழியிடம் கிசுகிசுத்தாள்.

பழைய கப்பலின் நீளம், அகலம், கட்டிய ஆண்டு எல்லாவற்றையும் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்தே ஒப்பித்தாள்.

"அக்கா, எனக்குக் கப்பல் தெரியல" என்றாள் அவரோடு வந்த சிறுமி.

"சும்மா இரு பாப்பா. பெரியவங்களுக்குச் சொல்லிட்டிருக்கேன்ல." பார்வையைத் திருப்பவில்லை.

"தண்ணி எங்க இருக்கு, அக்கா?"

"அப்புறம் சொல்றேன்."

எல்லாம் முடிந்ததும் பெண்மணியிடம் ஓடினாள். "மேடம், மார்க்கு..."

"நானா? இது மளிகை லிஸ்ட்மா. நான் இவளுக்குத் துணைக்கு வந்தேன், அவ்வளவுதான்."

சிறுமி தன் பையிலிருந்து பயிற்சி நிலையத்தின் முத்திரை குத்திய தாளை எடுத்தாள். 'குழந்தைகள் போடும் மதிப்பெண்' என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது.

"எல்லாம் போட்டுட்டேன். ஒண்ணு மட்டும் தெரியல, அக்கா. 'வழிகாட்டி உன்னைப் பார்த்துச் சிரித்தாரா'ன்னு கேட்டிருக்கு. நீங்க என்னைப் பாக்கவே இல்லையே, என்ன போடறது?"