பதினாலு தையல்

"என் வயித்துல கத்தி படக்கூடாதுன்னா படக்கூடாது, நீ வெளிய…"

"கத்தி படாம கட்டி தானா நடந்து வருமா அண்ணாச்சி? கையெழுத்தப் போடுங்க…"

"போட மாட்டேம்லே!"

பொன்னுதுரை போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். கையெழுத்தில்லாத சம்மதப் படிவம் அவர் மடியில் கிடந்தது. பத்து மணிக்கு ஆபரேஷன். இப்போதே மணி ஒன்பதரை.

கதவருகே அவர் மனைவி இன்பமணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்துவிட்டு, சிலுவையைப் போன் போட்டு வரவழைத்தவள் அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில், இதே மாதிரிக் கட்டியை எடுத்துக்கொண்டவன் அவன். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நேராக வந்திருந்தான். அறை முழுக்க மீன் வாடை.

"கேன்சர் இல்ல, வெறும் கொழுப்புக் கட்டிதானே? எலுமிச்சம்பழம் தண்டி. அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போட்டும்."

"சும்மா கெடக்குமா?" சிலுவை தன் முழுக்கைச் சட்டையின் நுனியைக் கைக்குள்ளேயே சுருட்டித் திணித்துக் காட்டினான். "கட்டி இழுக்கிற இழுப்புல குடலுக்குள்ள குடல் இப்படித்தான் போய்ச் சொருகிக்கிடும். டியூப் விட்டுப் பாத்தாச்சு, ஸ்கேனும் எடுத்தாச்சு. முந்தாநாள் வலி தாங்காம ஊரக் கூட்டுனது மறந்துட்டா?"

"மயக்க ஊசி போட்டு எந்திரிக்காமப் போயிட்டா?"

"நான் எந்திரிக்கலயா? ரெண்டே மாசத்துல பொரிச்ச பரோட்டா தின்னேன், தெரியும்லா!"

"ஒனக்கென்னலே, பதினாலு தையலோட போச்சு. எனக்கு எத்தனையோ!"

சிலுவை சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். இன்பமணி கிட்டே வந்து தழும்பை விரல் விட்டு எண்ணினாள். சரியாகப் பதினாலு.

பொன்னுதுரை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவ்வளவு பயத்திலும் முகத்தில் ஒரு சின்னப் பெருமை ஓடி மறைந்தது.

"நல்லாத்தான் ஆறியிருக்கு."

"அப்புறம் என்ன, புடிங்க பேனாவ."

வாங்கினார். பேனா முனை தாளைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. கோடுகூட விழவில்லை.

"பயமாருக்குலே, சிலுவை."

சிலுவை அந்தக் கையையே பார்த்தான்.

"என் வயித்தக் கீறுன கை, ஒரு கையெழுத்துக்கா நடுங்குது, டாக்டர்?"