ஒரு சுற்று குறைவு

“வந்துட்டான்! பின்னாடியே வந்துட்டான்!”

கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். கெர்வின் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு, கணுக்கால் வரை சேற்றில் புதைய, மேட்டில் ஓடிக்கொண்டிருந்தார். வாயெல்லாம் இரத்தச் சுவை. நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஒருவனுக்குப் பயந்து ஓட வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

துரத்தி வந்தவன் யோர்பென். இருபத்து நான்கு வயது. அவருடைய மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். இந்தப் பந்தயத்தில் அவன் முதல் ஆள், கெர்வின் கடைசி ஆள். முதல் ஆள் ஒரு முழுச் சுற்றையும் கூடுதலாக ஓட்டிவிட்டு வந்து, கடைசி ஆளைப் பின்னாலிருந்து பிடிப்பது பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிச் சேற்றுச் சைக்கிள் பந்தயங்களில் ஞாயிறுதோறும் நடப்பதுதான்.

முதல் ஆள் பந்தயத்தை முடித்துவிட்டால், அவன் அப்படிப் பிடித்து முந்தியவர்களுக்கும் அத்தோடு முடிந்துவிடும். பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேரே ‘ஒரு சுற்று குறைவு’ என்று எழுதுவார்கள். இந்தப் பருவத்தில் இதுவரை பதினோரு பந்தயம். பதினொன்றிலும் கெர்வினுக்கு அதுதான். பதினோரு ஞாயிறும் சாப்பாட்டு மேஜையில் யோர்பென் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இன்று ஒரு தடவையாவது பிடிபடக் கூடாது.

சற்று முன்பு முடிவுக்கோட்டைக் கடந்து, புல்வெளித் திருப்பத்தை அவர் எட்டியபோதுதான் பின்னால் மணி அடித்தது. கடைசிச் சுற்று! மணி அடித்த பிறகும் யோர்பெனுக்கு முன்னால் இருப்பது அவருக்கு இதுவே முதல் முறை. இன்னும் ஒரே ஒரு தடவை அந்தக் குழியைத் தாண்டினால் போதும்.

அந்தக் குழியை நரிக்குழி என்பார்கள். பழைய மணல் குவாரி. இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி விழும் சரிவு. போன வருடம் அங்கே தலைகுப்புற விழுந்து காறையெலும்பு முறிந்தது. முறிந்த சத்தம் இப்போதும் தூக்கத்தில் கேட்கிறது. இன்று ஐந்து சுற்றிலும் அவர் இறங்கி, கயிற்றோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனார்.

மேட்டின் உச்சியில், மாற்றுச் சைக்கிளைப் பிடித்தபடி மனைவி வெர்லே நின்றிருந்தாள்.

“கெர்வின், அவன முன்னாடி விட்டுடு!”

“நீயுமா?”

“அட, சொல்றதக் கேளு! அவன் போகட்டும்!”

வரப்போகிற மருமகன் மேல் இவ்வளவு பாசமா? கெர்வின் சைக்கிளைக் கீழே போட்டு, தாவி ஏறி மிதித்தார்.

குழியின் விளிம்பில் பீரும் பொட்டலம் பொட்டலமாக உருளைக்கிழங்கு வறுவலுமாக ஒரு கும்பல் நனைந்துகொண்டு நின்றது. கெர்வின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் என்பது ஊருக்கே தெரியும்.

“பஸ் வந்துருச்சுடா! ஸ்டாப்பிங் இதான். டிரைவரே இறங்கிடுவாரு பாரு!”

“பத்திரமா இறங்குண்ணே, படி வழுக்கும்!”

பின்னால் சேறு கிழிபடும் சத்தம் மிக அருகில் கேட்டது.

“மாமா, வலது பக்கமா வர்றேன்!” யோர்பென் மரியாதையாகத்தான் சொன்னான்.

இறங்கித் தள்ளினால் பத்து விநாடி போய்விடும். அவருக்கும் அவனுக்கும் நடுவே மூன்று விநாடிகூட இல்லை. ஓட்டியே இறங்கிவிட்டால், கீழே கோடு வரைக்கும் ஒற்றைத் தடம். யாராலும் முந்த முடியாது.

விளிம்பிலிருந்து பார்த்தால் குழியின் அடி தெரியவில்லை. எதிர்க்கரைப் பைன் மரங்களின் உச்சிதான் தெரிந்தது. பிரேக்கைப் பிடித்த விரல்கள் அவர் சொல் கேட்கவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு நாற்பது பிள்ளைகள் மழையில் பஸ்ஸுக்காக நிற்பார்களே என்று சம்பந்தமில்லாமல் ஒரு நினைப்பு வந்தது.

‘இதான் கடைசி. இதுக்கப்புறம் கிடையாது.’

விரல்களை விட்டார்.

முன்சக்கரம் காற்றில் இறங்கியது. ஓர் அலறல் கேட்டது; அது தன்னுடையதுதான் என்று அவருக்குப் பிறகுதான் புரிந்தது. மணல் முகத்துக்கு நேராக ஏறி வந்தது. சக்கரம் புதைந்து ஒரு பக்கம் திருகியது, நிமிர்ந்தது. கெர்வின் சமதளத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

“அடேயப்பா, ஸ்டாப்ல நிக்காமயே போயிட்டாரே!” மேலே கும்பல் கூத்தாடியது.

கடைசி இருநூறு மீட்டர். குனிந்தபோது தன் கைக்கடியில் யோர்பெனின் முன்சக்கரம் தெரிந்தது. வழி கேட்டு அவன் இரண்டு தடவை குரல் கொடுத்தான். கெர்வின் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். ஒரே ஒரு சக்கர இடைவெளியில், யோர்பெனுக்கு முன்னால் கோட்டைக் கடந்தார்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சந்தோஷம் போல என்று நினைத்துக்கொண்டு அவர் காலை ஊன்றி, கைப்பிடியில் தலையைச் சாய்த்தார். கண்ணீரும் சேறும் கலந்து மூக்கில் வழிந்தன.

ஜெயித்து உயர்த்திய கையை இறக்கிய யோர்பென் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

மணிக்காரர் சில்வேர் நிதானமாகக் கயிற்றை இழுத்து மணியை அடித்தார்.

“ஏன் நிக்கிற கெர்வின்? அவன்கிட்ட பிடிபடலேல்ல, உனக்கு இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்கு.”